அண்ணியின் கணக்கில் மிஞ்சிய பாக்கெட்டுகள்

என் அண்ணிக்குத் துணி வீணாவதைப் பார்த்தால் சோறு இறங்காது. இதைப் புகழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள், புகார்தான். எங்கள் வீட்டுத் தலையணை உறை ஒவ்வொன்றும் ஊரில் யாரோ ஒருவருடைய சட்டையின் மிச்சம். என் அண்ணனின் கைக்குட்டைகளில் இரண்டு ஓரம் ஒரு நிறம், இரண்டு ஓரம் வேறு நிறம். கல்யாணமான புதிதில் அதைப் பற்றி ஒரு முறை வாயைத் திறந்து பார்த்தானாம். அதோடு சரி.

எங்கள் தையல்கடை, இரும்புக்கடையின் மாடியில் இருக்கிறது. மூன்று மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, ஜன்னலோரம் எனக்கு ஒரு முக்காலி. அண்ணி வெட்டுவாள். தைப்பது அவளும் வேலைக்கு வரும் இரண்டு பெண்களும். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் என் பொறுப்பு. கீழே கம்பி அறுக்கிற சத்தம், மேலே மெஷின் சத்தம். இதற்கு நடுவில் நானும் அண்ணியும் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரிதான் கேட்கும். பாதி நேரம் உண்மையிலேயே சண்டைதான். நாத்தனார் என்ற பெயருக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா?

அவளுடைய இன்னொரு குணத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை. பட்டன் டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, நாளைக்குப் பத்தாது என்பாள். பத்தாது. துணிக்கட்டைக் கையால் தூக்கிப் பார்த்தே, இதில் இன்னும் ஒரு சட்டைக்குத் துணி இருக்கிறது என்பாள். இருக்கும். அவள் கணக்கு பிசகி நான் பார்த்ததில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர.

தெருமுனைப் பள்ளிக்கூடத்துச் சீருடை வேலை முதன்முதலாக எங்களுக்கு வந்த வருஷம் அது. வெளியூர்க் கம்பெனியிடம் கொடுத்துக் கொடுத்து, முதல் துவைப்பிலேயே சாயம் போய், கடைசியில் தலைமையாசிரியர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பிள்ளைகள் அவரைப் பெரிய சார் என்பார்கள். உயரத்திலும் பெரிய சார்தான், எங்கள் நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தார். பையன்களுக்கு பேண்ட், பெண்களுக்கு ஸ்கர்ட், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை. மாதிரிக்கு ஒவ்வொன்றைக் கொடுத்துவிட்டு, வேலை சுத்தமாக இருந்தால் குளிர்காலக் கோட்டும் உங்களுக்கே, வருஷா வருஷம் உங்களுக்கே என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அண்ணி அந்த நீள மேசையை ஒரு தடவை துடைத்தாள், பிறகு எதற்கோ மறுபடியும் துடைத்தாள். அந்த வேலை கிடைத்தால்தான் கடை நிற்கும் என்பது எங்கள் நாலு பேருக்குமே தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு, உடை ஒழுங்குக்காக. பையன்களுக்கு மூன்றே வரி: சட்டையை உள்ளே விடு, முடியை வெட்டு, ஷூவைத் துடை. பெண்களுக்குப் பலகை முடியும் வரை போகும். ரிப்பன் எத்தனை அகலம், காலுறை எவ்வளவு உயரம், ஸ்கர்ட் முழங்காலுக்கு எவ்வளவு கீழே, காதில் எது ஆகும், எது ஆகாது, உட்காரும்போது எப்படி, ஓடும்போது எப்படி. கடைசி வரிகளுக்கு இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கியிருந்தார்கள். அந்தப் பலகையை நின்று முழுதாகப் படித்தால் முதல் மணி அடித்துவிடும், தாமதமாக வந்ததற்கு வேறு திட்டு வாங்க வேண்டும்.

வேலை தொடங்கிய சில நாளிலேயே அந்தப் பிசகு நடந்தது. பேண்ட்டுக்குள் வைத்துத் தைக்கிற பாக்கெட் துணியை அண்ணி முதலிலேயே மொத்தமாக வெட்டி அடுக்கிவிடுவாள். பேண்ட் எல்லாம் தைத்து முடிந்து பார்த்தால் மேசைக்கு அடியில் பாக்கெட் துணி குவிந்து கிடக்கிறது. பையன்கள் எண்ணிக்கைக்கு வெட்டுவதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் வெட்டியிருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். வருஷக்கணக்காகக் காத்திருந்த தருணம். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வேலை முடிந்து வரும் வரை எனக்குப் பொறுக்கவில்லை, இரும்புக்கடைக்காரரையே மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, வெட்டியதைக் குப்பையில் போட முடியாது, ஸ்கர்ட்டுக்கு வலது பக்கம் ஒவ்வொன்று வைத்துவிடலாம் என்றாள். மாதிரியில் இல்லையே, கேட்டுவிட்டு வையுங்கள் என்றேன்.

"பக்கத் தையலுக்குள்ள போறது யாருக்குத் தெரியப்போகுது? நீ காஜாவைப் பாரு" என்றாள்.

நானும் காஜாவைப் பார்த்தேன்.

யாருக்குத் தெரியப்போகுது என்றாளே, புதுச் சீருடையோடு பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலமே தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெண்பிள்ளைகள் ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வரிசையாக நடந்து வந்தார்கள். அதுவரைக்கும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாகப் போகிற பிள்ளைகள் நடுத்தெருவில் மறு கையை வீசிக்கொண்டு போகின்றன. சின்னதுகள் பாக்கெட்டுக்குள் கையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லாமலேயே. இரும்புக்கடைக்காரரின் மகள் பத்தாவது படிக்கிறாள். ஒரு கேள்வி கேட்டால் மூன்று கேள்வி திருப்பிக் கேட்பாள் என்று அவள் அப்பாவே வைத்த பெயர் வக்கீல். அவள் மாடியேறி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். துணி மிஞ்சியது, வைத்தேன், இதற்கென்ன குலுக்கல் என்று அண்ணி கேட்டாள்.

பெரிய சாரிடமிருந்து அழைப்பு வர அதிக நாள் ஆகவில்லை. துணைக்கு நானும் போனேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டுத்தான் திட்டினார். பெண்பிள்ளைகள் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு ரவுடிகள் மாதிரி நிற்கிறார்கள், நாளைக்கு அதற்குள் போன் வைப்பார்கள், என்னத்தையோ வைப்பார்கள், மாதிரியில் இல்லாததை யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்றார். வாரக் கடைசிக்குள் அத்தனை பாக்கெட் வாயையும் தைத்து மூடிவிட வேண்டும். இல்லையென்றால் கோட்டு வேலையும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. அண்ணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, சரி சார் என்றாள். வெளியே வந்ததும் நான்தான் கத்தினேன். அவள் பாட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் விளையாட்டுச் சாமான் அறையில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். காற்றுப்போன பந்துகளுக்கும் கிழிந்த வலைகளுக்கும் நடுவில் ஒரு மெஷினைக் கொண்டுபோய்ப் போட்டோம். ஆனால் ஸ்கர்ட்டை ஆள் நிற்க வைத்தே கை ஊசியால் மூடிவிடலாம் என்றாள் அண்ணி. பெண்கள் வரிசையாக வந்தார்கள். பாக்கெட்டைக் காலி செய், பக்கவாட்டில் நில், அடுத்த ஆள்.

காலி செய்தபோதுதான் வேடிக்கை. சில நாள்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பமே நடத்தியிருந்தது. கைக்குட்டை, வீட்டுச் சாவி, பஸ் அட்டை, முனை உடைந்த பென்சில், பாதி கடித்துக் காகிதத்தில் சுற்றிய மிட்டாய், ஒரு நத்தை ஓடு. ஒரு குட்டி தன் விழுந்த பல்லை வைத்திருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டது. நான் ஒரு கையில் பல்லும் மறு கையில் ஊசியுமாக உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எடும்மா, நேரமாகிறது என்றாள் அண்ணி. அந்தப் பெண் குனிந்து அண்ணியின் காதுக்கருகில் ஏதோ சொன்னாள். காகிதத்தில் சுற்றிய நாப்கின். இத்தனை நாள் கழிப்பறைக்கு எப்படி எடுத்துப் போனாய் என்று அண்ணி கேட்டதற்கு அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள்:

"பையைத் தூக்கிட்டுப் போனா பசங்க எல்லாரும் பாப்பாங்க ஆன்ட்டி. அதனால போக மாட்டேன். வீட்டுக்குப் போற வரைக்கும் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்."

அண்ணி கையிலிருந்த ஊசியைத் தன் சட்டைக் கையில் குத்திக்கொண்டாள். தைக்கவில்லை. வரிசை நின்றுபோனது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கப் பெரிய சார் சரியாக அந்த நேரத்தில்தான் குனிந்து உள்ளே நுழைந்தார். அந்தப் பெண்ணுக்கு அடுத்தபடியாக வரிசையில் நின்றது யார் தெரியுமா? வக்கீல்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள்.

கேள் என்றார்.

"பாக்கெட்டுல கையை விட்டா ஒழுக்கம் கெட்டுப்போகும்னா பசங்களுக்குக் கெடாதா சார்?"

"பசங்களுக்கு அது எப்பவும் இருக்கறதுதானே."

"அப்ப எப்பவும் கெட்டுக்கிட்டே இருக்கா சார்?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆணும் பெண்ணும் ஒன்று என்று தினமும் காலைக் கூட்டத்தில் நீங்கள்தானே சொல்கிறீர்கள் என்று அவள் விடாமல் கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் அதட்டி அனுப்பியிருப்பார்கள். பெரிய சாரிடம் ஒரு கோளாறு, தான் சொன்ன சொல்லை மெய்யாகவே நம்புகிறவர். கொஞ்ச நேரம் காற்றுப்போன பந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நியாயந்தான். பசங்களோடதையும் சேத்துத் தைச்சிடுங்க" என்றார் அண்ணியிடம்.

வக்கீலின் முகம் விழுந்துவிட்டது. வாதத்தில் ஜெயித்து வழக்கில் தோற்றவள் மாதிரி நின்றாள். ஆனால் அண்ணி சட்டைக் கையிலிருந்து ஊசியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"சரி சார். பசங்களுக்குத்தான் பாக்கெட் நிறைய. அதையே மொதல்ல முடிச்சிடறேன், பொண்ணுங்களோடது சின்ன வேலை, கடைசியில பாத்துக்கலாம்" என்றாள். குரலில் அத்தனை பணிவு. அவ்வளவு பணிவு அவளிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு மறக்காது. பையன்கள் விளையாட்டு அரைக்கால் சட்டையோடு வராந்தாவில் வரிசையாகக் குந்திக்கொண்டிருக்க, நாங்கள் அவர்களுடைய பேண்ட்டைத் தைத்துத் தள்ளினோம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்பக்கம், பிறகு சட்டைப் பை. ஸ்கர்ட்டுக்குக் கை ஊசி போதும் என்றவள் இதற்கு மெஷினில் இரட்டைத் தையல் போட்டாள். பையன்கள் பாவம். பேனாவைக் காதில் செருகினார்கள், வகுப்பு முடிவதற்குள் காதெல்லாம் மை. வீட்டுச் சாவியை ஷூ நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டினார்கள். கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மொத்தப் பள்ளிக்கூடமும் அடிபட்ட மாதிரி திரிந்தது. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பையன்கள் பஸ் அட்டையைக் காலுறைக்குள்ளிருந்து எடுத்து நீட்டுகிறார்கள், அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, உன் அண்ணிக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டார்.

இதில் பெரிய கூத்து, முதலில் மூடிய ஒரு சிலதைத் தவிர பெண்களின் பாக்கெட் இன்னும் திறந்தே இருந்தது. பையன்கள் அவர்கள் பின்னால் போய், இந்தச் சாவியைக் கொஞ்சம் வச்சுக்கோயேன், இந்த அட்டையைக் கொஞ்சம் வச்சுக்கோயேன் என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். வக்கீலின் பாக்கெட் பாதி வகுப்பின் சாவிகளால் தொங்கிக்கொண்டிருந்தது. நடந்தால் கடைத் திறப்பு விழா மாதிரி சத்தம். பெண்களோடு பேசவே கூச்சப்பட்ட பையன்கள்கூட அந்த வாரம் தயவாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் காலைக் கூட்டத்தில் ஒரு பொடியன் பக்கத்தில் நின்றவனிடம் கேட்டானாம், பெரிய சாரின் இரண்டு கையும் எங்கே இருக்கிறது என்று. எல்லோரும் பார்த்தார்கள். மேடையில் நின்று பேசும்போது அவருடைய கை இரண்டும் பேண்ட் பாக்கெட்டில்தான் இருக்கும், எப்போதுமே. அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஒரு பையோடு எங்கள் படியேறி வந்தார். உள்ளே அவருடைய பேண்ட்டுகள். எல்லாவற்றையும் மூடிவிடுங்கள், அப்புறம் எவனும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். அண்ணி வாங்கிக்கொண்டாள். அவர் இறங்கிப் போன பிறகு இரண்டு தையல்காரப் பெண்களும் நானும் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்காமல் இரட்டைத் தையல் போட்டாள்.

சில நாள் கழித்து எங்கள் கதவில் ஏதோ மோதுகிற சத்தம். திறந்தால் பெரிய சார், முழங்கையால் தட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு கையில் பள்ளிச் சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, சாக்பீஸ். மறு கையில் சிவப்புப் பேனா, கைக்குட்டை. எல்லாவற்றையும் எங்கள் மேசையில் கொட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பையன்களுடைய அப்பாக்கள் வந்து சத்தம் போட்டதையும், கணக்கு வாத்தியார் சாவியைத் தொலைத்ததையும் சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தார்.

"பேசறப்ப கை தானா பாக்கெட்டைத் தேடுதும்மா. இல்லன்னதும் என்ன செய்யறதுன்னு தெரியல. இந்தப் பொண்ணுங்க இத்தனை வருஷமா என்ன பண்ணாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல."

அப்போதுதான் அண்ணி சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை, வகுப்பைச் சொல்லவில்லை. சில நாளில் சில பெண்கள் காலையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு மாலை வரை எழுந்திருப்பதில்லை என்றும், ஏன் என்றும் மட்டும் சொன்னாள். அவர் மேசையில் கிடந்த சாவிக்கொத்தைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார் கடைசியில்.

"சொல்ல முடிஞ்சிருந்தா ஏன் சார் உக்காந்திருக்கப்போறாங்க?" என்றாள் அண்ணி.

எல்லாவற்றையும் பிரித்துவிடச் சொன்னார். பெண்களுக்கு ஒரு பக்கம் போதாது, அடுத்த வருஷம் இரண்டு பக்கமும் வேண்டும் என்றார். கோட்டுக்கும் உள்ளே ஒன்று, வெளியே இரண்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி, அதுவும் நீங்களே தைக்க வேண்டும் என்றார். வாசல் பலகையையும் பிள்ளைகளையே உட்கார வைத்துப் புதிதாக எழுதப்போவதாகச் சொன்னார். பிறகு பெண்களுக்கும் மூன்றே வரி வந்தது. வக்கீல் ஒரே வரி போதும் என்று வாதாடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அண்ணன் அன்று வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்து, கடை தப்பித்தது என்றான்.

பிரிக்கிற வேலைதான் தைத்ததைவிடக் கொடுமை. மெஷின் இரட்டைத் தையல் லேசில் வருமா? மற்ற இரண்டு பெண்களும் வீட்டுக்குப் போன பிறகு நானும் அண்ணியும் ஜன்னலோரம் உட்கார்ந்து நூலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தோம். விரல் வலி எனக்கு. வாய் சும்மா இருக்குமா? எல்லாம் உங்கள் எண்ணிக்கை பிசகியதால் வந்த வினை, பையன்களுக்கு மட்டும் வெட்டியிருந்தால் நம் பாட்டுக்கு இருந்திருப்போம் என்றேன்.

அண்ணி பேண்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"எண்ணிக்கையில நான் தப்பு பண்ணி நீ எப்பப் பாத்திருக்க?"

நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பாக்கெட் துணி பிசகாக வெட்டியது இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் எண்ணித்தான் வெட்டியிருக்கிறாள். என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீ அவரைக் கேக்கச் சொல்லுவ. கேட்டா அவர் வேண்டாம்பார். தப்பா வெட்டிட்டேன்னா திட்டுவாங்க, அவ்வளவுதானே."

பிறகு அவளாகவே சொன்னாள். அவளும் எட்டாவது படிக்கும்போது பாக்கெட் இல்லாத ஸ்கர்ட்தான். சட்டைக் கைக்குள் செருகி எடுத்துப் போனது வகுப்பு நடுவில் கீழே விழுந்துவிட்டது. ஒரு பையன் அது என்னவென்று தெரியாமல் எடுத்துத் தூக்கிக் காட்டியிருக்கிறான். வகுப்பே சிரித்தது.

"மறுநாள் வயித்து வலின்னு சொன்னேன். அதுக்கு மறுநாளும் சொன்னேன். அப்புறம் பள்ளிக்கூடம் போறியான்னு வீட்டுல யாரும் கேக்கல, தையல் கத்துக்க அனுப்பிட்டாங்க. நல்லாத்தான் இருக்கேன். ஆனா படிப்பு எனக்கு வந்துச்சு, கணக்குல நான்தான் மொதல்."

நான் சண்டைக்காரி, எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்று அழுகைதான் வந்தது. பட்டன் டப்பாவைக் குலுக்கி எண்ணிக்கை சொல்கிற இந்தப் பெண் எங்கெல்லாமோ போயிருக்க வேண்டியவள்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் உடையின் பக்கவாட்டில் கையை விட்டு ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். இரண்டு ஓரம் ஒரு நிறம், இரண்டு ஓரம் வேறு நிறம். பக்கத் தையலுக்குள் அத்தனை பதவிசாக ஒரு பாக்கெட் இருந்தது. அவள் போடுகிற எல்லா உடையிலும் இருக்குமாம், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து காஜா எடுத்திருக்கிறேன், ஒரு நாள் பார்த்ததில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் ஒன்று வைத்துக் கொடுங்கள் அண்ணி என்றேன்.

"துணி மிஞ்சினா பாக்கலாம்" என்றாள்.